முப்பத்தெட்டு வீதம்

ராமச்சந்திரனின் வேன் மேட்டில் இழுக்கவில்லை என்ற பேச்சு அந்தத் தோட்டத்து லயத்து வீடுகளில் மூன்று மாதமாகப் பேசித் தீராமல் கிடந்தது. குழாயடியில் அதுதான், கோயில் வாசலில் அதுதான். நேரம் பிந்தினால் பள்ளிக்கூட கேட்டைச் சாத்திவிடுகிறார்கள். கிழமைக்கு இரண்டு நாள் பதினாலு பிள்ளைகளும் கேட்டுக்கு வெளியே நின்றால் எந்தத் தாய்தான் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பாள்?

ராமச்சந்திரன் ஷாமிளாவின் அக்கா புருஷன். எஹலியகொட டவுனுக்கு மேலே, ரப்பர் மலைக்குள் ஏழு கிலோமீற்றர் தள்ளி இருக்கிற தோட்டத்திலிருந்து பன்னிரண்டு வருசமாகப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர். இத்தனை காலத்தில் ஒரு கோழியைக்கூட இடித்தவர் இல்லை. அவருடைய மகளும் அந்தப் பதினாலில் ஒருத்தி. அப்படிப்பட்ட மனிதர் ஒரு சாயங்காலம் ஷாமிளாவைத் தேடி வந்து, சொல்ல வந்ததைச் சொல்லாமல் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

"ஃபில்டர் மாத்தியாச்சு, எண்ணெய் மாத்தியாச்சு, ஒண்ணுக்கும் மசியல. கோயில் மேட்டுல எவ்வளவு மிதிச்சாலும் செத்த பாம்பா ஊருது. நீ அந்த லெப்டொப்ப வச்சு என்னமோ படிக்கிறியாமே. அதுல ஏதாச்சும் பண்ண முடியுமா?"

"பண்ணலாம் மச்சான். ஆனா நீங்கதான் என்னோட மொத நோயாளி. செத்துப்போனா என்னைய ஏசக் கூடாது."

"வண்டிதானே சாகும், நானா சாகப் போறேன்?" என்று அவரும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புள்ளைங்கள வேற வேன்ல போடப் போறோம்னு ரெண்டு வீட்ல சொல்லிட்டாங்க ஷாமிளா. எனக்கு வண்டி ஓட்டுறதத் தவிர வேற என்ன தெரியும்?"

ஷாமிளா டவுனில் பயாஸ் நானாவின் கராஜில் வேலை செய்தாள். முதல் இரண்டு வருசம் பில் எழுதினாள். மற்றவர்கள் கிரீஸ் கையோடு தொட்டுத் தொட்டு ஸ்கேனரின் பொத்தான்கள் ஒட்டிக்கொண்டபோது, கை சுத்தமாக இருந்த ஒரே ஆள் அவள்தான் என்பதால் ஸ்கேனர் அவளிடம் வந்தது. வந்ததை அவள் விடவில்லை. என்ஜினுக்கு எப்போது எவ்வளவு டீசல் கொடுக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற கொம்பியூட்டர் பெட்டி ஒன்று வண்டிக்குள் இருக்கிறது, அதற்குள் இருக்கிற கணக்கை லெப்டொப்பில் இறக்கி மாற்றி எழுதலாம் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வீடியோ பார்த்தாள். லெப்டொப்பை வண்டியோடு இணைக்கிற ஒரு வயரை வரவழைத்தாள். திரை நிறைய இலக்கக் கட்டங்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஆறு மாதமாகப் பார்த்தாளே தவிர, ஒரு இலக்கத்தைக்கூடத் தொடத் துணிவு வரவில்லை. தொடுவதற்கு ஒரு வண்டி வேண்டுமே. இப்போது வண்டி தானாக வாசலுக்கு வந்துவிட்டது.

பயாஸ் நானாவிடம் சொன்னபோது அவர் தலையை நிமிர்த்தாமலே ஒன்று சொன்னார். "கை வெக்க முந்தி ஒரு ரவுண்ட் ஓட்டவிட்டுப் பதிஞ்சு எடு. வண்டிக்காரன் சொல்றது ஒண்ணு, வண்டி சொல்றது ஒண்ணு."

ஓட்டும்போது என்ஜின் என்ன செய்கிறது, ஓட்டுகிறவர் என்ன செய்கிறார் என்பதை லெப்டொப் வினாடிக்கு வினாடி பதிந்துகொள்ளும். அதைத்தான் அவர் சொன்னார். ஷாமிளாவும் தலையாட்டினாள். ஆனால் அக்கா புருஷனிடம் போய், "நீங்க சொல்றத நம்பல, ஓட்டிக் காட்டுங்க, அளந்து பார்க்கிறேன்" என்று எந்தக் கொழுந்தியா சொல்வாள்? பன்னிரண்டு வருசம் அந்த வண்டியோடு குடித்தனம் நடத்தினவருக்குத் தெரியாததா இவளுக்குத் தெரிந்துவிடப் போகிறது?

நேரமும் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், அதற்குள் வேலையை முடித்து வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட வேண்டும் என்று மச்சான் ஒரே பிடியாக நின்றார். பின்னேரம் இரண்டு மணிக்குப் பலாமரத்தடியில் வேனை நிறுத்தினார்கள். முன்பக்கத்தில் முருகன் படம் இருப்பதால் அந்த வேனுக்குள் யாரும் செருப்போடு ஏற முடியாது. பிள்ளைகளுக்கு மட்டும் சலுகை. அவரும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். ஷாமிளாவும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். வீட்டு ஜன்னல் வழியாக வயர் இழுத்து பெட்டரிக்குச் சார்ஜர் கொடுத்தாள். "வேலை முடியிற வரைக்கும் ஸ்திரிக்கைப் பெட்டியத் தொட்டு கரண்டப் புடுங்கின, அக்கா தங்கச்சி உறவு அத்தோட சரி," என்று அக்கா கோகிலாவிடம் சொல்லிவைத்தாள்.

பழைய கணக்கை முழுதாக இறக்கி இரண்டு இடத்தில் பத்திரப்படுத்தினாள். பிறகு மாற்றினாள். டீசலைக் கொஞ்சம் கூட்டினாள். அதற்கு மேல் அவள் செய்தது அக்சிலேட்டர் பெடலுக்கான அட்டவணையில். கால் இவ்வளவு மிதித்தால் என்ஜினுக்கு இவ்வளவு கேட்கிறது என்று சொல்கிற அட்டவணை அது. லேசாக மிதித்தாலே நிறையக் கேட்கிற மாதிரி அதை நிமிர்த்திவிட்டாள். புதிதாகப் படிக்கிற எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான், ஏனென்றால் அதில்தான் வித்தியாசம் உடனே தெரியும். எழுதி முடிக்கப் பதினொரு நிமிசம். அந்தப் பதினொரு நிமிசமும் அவள் மூச்சு விட்டாளா என்பது அவளுக்கே தெரியாது.

நாலு மணி இருபதுக்கு மச்சான் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, வேனை எடுத்துக்கொண்டு கோயில் மேட்டுக்குப் போனார். கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "கால வச்சதுதான் தெரியும் ஷாமிளா, மேட்டுக்கு மேல நிக்கிறேன்," என்றார். கண் கலங்கியிருந்தது. கோகிலா தங்கச்சிக்கு நெற்றி வழித்துத் திருஷ்டி கழித்தாள். ஷாமிளாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் வேன் கேட் திறக்க முந்தியே பள்ளிக்கூடத்தில் நின்றது. வேற வேன் பார்க்கப் போன இரண்டு வீட்டுக்காரர்களும் சத்தமில்லாமல் திரும்பி வந்தார்கள். ஒரே ஒரு கரைச்சல், வேனுக்குள் வியாழக்கிழமையிலிருந்து ஒரு நாற்றம். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினார்கள். எலி செத்துக் கிடக்கிறது என்று மச்சான் சீற்றுக்கடியில் தேடினார், டயர் வைக்கிற இடத்தில் தேடினார், சாம்பிராணி போட்டார். நாற்றம் போகவில்லை.

எலி என்றதும் ஷாமிளாவுக்கு வயர்களின் நினைப்புத்தான் வந்தது. எலி வயரைக் கடித்தால் அவள் எழுதிய கணக்கெல்லாம் கந்தல். போதாக்குறைக்குப் பயாஸ் நானா வேறு, "பதிஞ்சு எடுத்தது எங்க, காட்டு பார்ப்போம்," என்று கேட்டுவிட்டார். அவள் முழித்த முழியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. மறு திங்கட்கிழமை காலையில் அவள் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வேனின் முன்சீற்றில் ஏறினாள்.

நாற்றம் முன்பக்கத்தில்தான் கூடுதலாக இருந்தது. எலியேதான் என்று நினைத்துக்கொண்டு வயரைச் செருகி, லெப்டொப்பை மடியில் வைத்தாள். திரையில் இலக்கங்கள் ஓடத் தொடங்கின. வேகம், சூடு, டீசல், பிரேக், பெடல். பிள்ளைகள் பின்னால் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டு வந்தார்கள்.

கோயில் மேட்டில் ஏறும்போது அவள் சொன்னாள். "நல்லா மிதிங்க மச்சான். முழுசா மிதிச்சாத்தான் எனக்குப் பதிய முடியும்."

"மிதிச்சிருக்கேன்."

"முழுசா மிதிங்க."

"மிதிச்சிட்டேன்னு சொல்றேன்ல. தரையில முட்டிக்கிட்டு நிக்குது."

திரையில் பெடல் முப்பத்தெட்டு வீதம் என்று காட்டியது. முழுதாக மிதித்தால் நூறு காட்ட வேண்டும். வயர் சரியாகச் செருகவில்லையோ என்று அமுக்கிப் பார்த்தாள். முப்பத்தெட்டுத்தான். ஸ்டார்ட் பண்ண முந்தி அவளே கையால் பெடலை அமுக்கிப் பார்த்தபோது நூறு காட்டியதே. மென்பொருள் கோளாறு, மலிவு வயரின் புத்தி இதுதான் என்று மனதுக்குள் ஏசினாள். மச்சானிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மேடு முடிந்து டிஸ்பென்சரி வளைவுக்கு இறங்கினார்கள். அந்த வளைவில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் கீழே ரப்பர் மரங்களின் தலைகள். மச்சான் பிரேக் பிடித்தார். திரையில் பிரேக் விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டிருக்கும்போதே பெடல் பதினெட்டு காட்டியது. என்ஜின் டீசல் கேட்டது, கேட்ட டீசலை அவள் எழுதிவைத்த கணக்கு அள்ளிக் கொடுத்தது. நிற்க வேண்டிய வண்டி முன்னால் தாவியது. வெளிப்பக்கச் சக்கரம் ஓரத்துப் புல்லில் ஏறி இறங்கியது. பிள்ளைகள் ஊஞ்சல் ஆடினதுபோல ஓவென்று சந்தோசமாகக் கத்தினார்கள்.

"பிரேக் கொஞ்சம் வழுக்குது. டவுன்ல காட்டணும்," என்றார் மச்சான். அவருடைய குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

ஷாமிளா திரையிலிருந்து கண்ணை எடுத்து அவருடைய காலைப் பார்த்தாள். அகலமான வெறுங்கால். பெருவிரல் பக்கம் பிரேக்கில் இருந்தது. சுண்டுவிரல் பக்கம் அக்சிலேட்டர் பெடலின் மேல் கிடந்தது. ஒரே காலால் இரண்டையும் மிதித்துக்கொண்டு, பிரேக்கை மட்டும் மிதிப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு மனிதர் பதினாலு பிள்ளைகளை மலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"நிப்பாட்டுங்க."

"என்னத்துக்கு? நேரமாச்சு."

"மச்சான், நிப்பாட்டுங்க. கியரைக் கழட்டி ஹேண்ட் பிரேக்கப் போடுங்க. இப்பவே."

வளைவு தாண்டிய சமதரையில் வேன் நின்றது. நின்ற பிறகும் என்ஜின் அலறிக்கொண்டே இருந்தது. மச்சான் அவளைக் கோபமாகப் பார்த்தார். "என்ன ஷாமிளா இது, கால எடுத்த பொறகும் கத்துது? எதக் கொண்டுபோய் எழுதி வச்சிருக்க?"

"கால எடுக்கல மச்சான். கீழ பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். கால் பெடலின் மேல்தான் இருந்தது. தன் காலை வேறு யாரோ அங்கே வைத்துவிட்டுப் போனதைப் போலப் பார்த்தார். தூக்கினார். என்ஜின் அடங்கியது. வேனுக்குள் வாய்ப்பாட்டுச் சத்தமும் அடங்கியது.

ஷாமிளா இறங்கி அந்தப் பக்கம் போய் அவருடைய கதவைத் திறந்தாள். அந்த வகை வேனில் என்ஜின் ஓட்டுகிறவரின் சீற்றுக்கடியில் இருக்கும். குதிகால் ஊன்றுகிற இடத்தில் ரப்பர் பாய் உள்ளங்கை அளவுக்குத் தேய்ந்து ஓட்டை விழுந்து, தகரம் தெரிந்தது. தகரத்தைச் சுற்றிக் கறுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. விரலை அந்தத் தகரத்தில் வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அடியில் ஓடுகிற புகைக்குழாயின் சூடு. டீசலைக் கூட்டினால் அந்தக் குழாய் எவ்வளவு சூடாகும் என்று அவள் படித்திருந்தாள். அதன் மேல் ஒரு தகரமும், தகரத்தின் மேல் ஒரு வெறுங்காலும் இருக்கும் என்று எந்த வீடியோவிலும் யாரும் சொல்லவில்லை.

"கால இப்படிக் காட்டுங்க."

"சும்மா இரு. கொழுந்தியா வந்து கால்ல தொடுறதாவது."

அவள் கேட்கவில்லை. காலை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். குதியில் தோல் இல்லை. நடுவில் வெள்ளையாகவும் ஓரத்தில் கரியாகவும் வெந்து, சீழ் வைத்து, அதில் மண்ணும் ரப்பர் துகளும் ஒட்டியிருந்தன. வியாழக்கிழமையிலிருந்து சாம்பிராணி போட்டுத் தேடிய எலி அதுதான்.

"சுட்டிருக்கு மச்சான்," என்றாள்.

"எங்க?" என்று அவர் சீற்றுக்கடியைப் பார்த்தார். "வயரா?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் ஷாமிளாவுக்கு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. வேனுக்கு ஒரு நாளும் ஒரு கோளாறும் இருக்கவில்லை. அவருடைய காலில் உணர்ச்சிதான் போய்க்கொண்டிருந்தது. இரத்தத்தில் சீனி கூடிப்போன வருத்தத்துக்கு டிஸ்பென்சரியில் கொடுத்த குளிசையை அவர் ஒழுங்காகப் போடுவதில்லை என்று அக்கா சொல்லிச் சொல்லிச் சலித்ததை அவளும் கேட்டிருக்கிறாள். முழுதாக மிதிப்பதாக நினைத்து அவர் மிதித்தது முப்பத்தெட்டு. அந்த முப்பத்தெட்டோடு வேன் ஊர்ந்து ஊர்ந்து போனதால்தான் இத்தனை நாள் பிள்ளைகள் பத்திரமாக இருந்தார்கள். அவள் வந்து அந்த ஊர்தலைப் பிடுங்கிவிட்டு, உணர்ச்சியில்லாத காலுக்கு வேகத்தைக் கொடுத்து, அடியில் நெருப்பும் வைத்திருக்கிறாள். ஒரு ரவுண்ட், ஒரே ஒரு ரவுண்ட் பதிந்து எடுத்திருந்தால் போதும். சீ, நீயெல்லாம் ஒரு படிச்சவளா என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டாள்.

மச்சான் குனிந்து, தன் குதியைத் திருப்பிப் பார்த்து முடித்திருந்தார். பின்னால் பிள்ளைகளுக்குக் கேட்காதபடி மெதுவாகப் பேசினார்.

"பழைய கணக்கு இருக்குன்னியே. அதையே திருப்பிப் போட்டுடு ஷாமிளா. முன்ன மாதிரி மெதுவாவே போறேன். செருப்புப் போட்டுக்கிறேன். சாமி படத்த வேணும்னா வீட்டுக்குள்ள கொண்டுபோய் மாட்டிர்றேன். புண்ணுக்கு மருந்து கட்டினா ஆறிரும். அக்காகிட்ட மட்டும் சொல்லாத. அவ தாங்க மாட்டா."

சாமி படத்தைக் கழற்றுகிறேன் என்று அந்த மனிதர் சொல்லுவார் என அவள் கனவிலும் நினைத்ததில்லை. சரி என்று சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. பழைய கணக்கை எழுதப் பதினொரு நிமிசம். செய்த பிழையும் தெரியாமல் போய்விடும், அக்கா வீட்டு அடுப்பும் எரியும். பின்சீற்றிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள்.

"கண்ண மூடுங்க மச்சான்," என்றாள் ஷாமிளா.

"எதுக்கு?"

"மூடுங்க. நான் காலத் தொட்டதும் சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா நீங்க கேட்டபடியே செய்றேன்."

அவர் கண்ணை மூடினார். அவள் புண்ணைத் தொடவில்லை. மற்றக் காலைக் கையில் எடுத்தாள். ஒரு கீறல்கூட இல்லாத நல்ல கால், கிளச் மிதிக்கிற இடது கால். பெருவிரலுக்குக் கீழே நகத்தை வைத்து அழுத்தினாள். ஒன்றும் இல்லை. இன்னும் அழுத்தினாள். நகம் தோலுக்குள் இறங்கி இரத்தம் முத்தாக வந்தது.

"ம், தொடு," என்றார் அவர் பொறுமையாக.

அழுத்திய விரலை அவள் எடுக்கவில்லை.

"தொடு ஷாமிளா, நேரமாகுது."

அவர் கண்ணைத் திறந்தார். அவளுடைய நகத்தைப் பார்த்தார், இரத்தத்தைப் பார்த்தார், அது எந்தக் கால் என்றும் பார்த்தார். வாய் திறந்தபடியே நின்றது. ரோட்டில் ஒரு பஸ் ஹோன் அடித்துக்கொண்டு கடந்து போனது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாவியைத் திருகி என்ஜினை நிறுத்தினார். சாவியை உருவி ஷாமிளாவின் கையில் வைத்தார். கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி, வேனின் பக்கக் கதவைத் தள்ளித் திறந்தார்.

"எல்லாரும் இறங்குங்க. பைய எடுத்துக்கங்க. இங்கருந்து பள்ளிக்கூடம் கிட்டத்தான். பெரிய புள்ளைங்க சின்னதுங்க கையப் புடிச்சுக்கிட்டு ஓரமாப் போங்க. ஷாமிளாவும் கூட வருவாங்க."

பிள்ளைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அவர் எப்போதும்போல ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். பதினாலு சரியாக இருந்தது.

"சாயங்காலம் நான் வரமாட்டேன். நாளைக்கும் வரமாட்டேன்," என்றார். "எனக்குக் கால் சரியில்ல. வேற வேன் பார்க்கச் சொன்னாருன்னு எல்லாரும் வீட்ல போய்ச் சொல்லிருங்க. மறக்காமச் சொல்லணும்."

பிள்ளைகள் தலையாட்டின. அவருடைய மகள் மட்டும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நகராமல் நின்றாள்.

"அப்பா, நம்ம வீட்லயும் சொல்லணுமா?"

ராமச்சந்திரன் ஷாமிளாவைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"நம்ம வீட்லதான் முதல்ல சொல்லணும்," என்றார்.